விலைக்குப் பக்கத்தில் ஓர் எண்

பசிக்குது என்றுதான் சொன்னாள். சாந்தாமணியின் காதில் கோளாறு எதுவும் இல்லை. காந்திபுரத்தில் இரண்டு டவுன் பஸ்கள் ஒன்றையொன்று முந்தப் பார்த்து ஹாரன் அடித்த நேரம், துணிக்கடை வாசலில் ஒருவன் கையைத் தட்டித் தட்டி ஆள் கூப்பிட்ட நேரம், இருந்தாலும் அந்தச் சொல் தெளிவாகத்தான் வந்து விழுந்தது. “அம்மா, பசிக்குது.” படிக்குது, பிடிக்குது, கடிக்குது என்று அதற்குப் பக்கத்து வீட்டுச் சொற்கள் எத்தனையோ இருக்கின்றன, செருப்பு கடிக்குது என்றுகூட மகள் சொல்லியிருக்கலாம், ஆனால் தன்ஷிகாவின் காலில் கிடந்தது பழைய செருப்பு. மற்ற வீடுகளில் இந்தச் சொல்லை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பையைக் கழற்றி எறிவதற்குள் சொல்வார்கள், அம்மாக்களும் ‘இரு, பறக்காதே’ என்பார்கள், அதோடு சரி. சாந்தாமணியின் வீட்டில் அது காணாமல் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. போனபோது தெரியவில்லை. சுவர்க்கடிகாரம் நின்றுபோனால் அதன் சத்தம் இல்லாதது உடனே தெரிவதில்லையே, அதுமாதிரி. இப்போது திடீரென்று நடைபாதையில், யாரும் கேட்காமல், அவளாகவே. என்ன சொன்னே என்று சாந்தாமணி திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் ‘ஒண்ணுமில்லம்மா’ என்று வந்துவிடும். சொல்லின் சூடு ஆறுவதற்குள் உட்கார வைத்துவிட வேண்டும் என்று, கண்ணில் பட்ட முதல் சைவ ஹோட்டலுக்குள், பதினேழு வயதுப் பெண்ணைச் சின்னப் பிள்ளைபோல மணிக்கட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு நுழைந்துவிட்டாள். மணிக்கட்டு. அதை அவள் கை தானாகவே அளந்து பார்த்தது. முன்பெல்லாம் கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இன்று நுனியும் நுனியும் தொட்டு நின்றன. சரி. நல்லது. அளக்காதே. உட்கார்.

தன்ஷிகா கை கழுவப் போனாள். மாலை டிபன் நேரம் இப்போதுதான் தொடங்கியிருந்தது. பாதி மேசைகள் காலி. சாந்தாமணி பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மெனு கார்டைத் திறந்தாள். புது கார்டு, பிளாஸ்டிக் வாசனைகூடப் போகவில்லை. இடது பக்கம் பலகாரத்தின் பெயர். வலது ஓரத்தில் விலை. விலைக்குப் பக்கத்தில், பச்சை நிறத்தில், இன்னோர் எண். தள்ளுபடி போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பத்தியின் தலையைப் பார்த்தாள். கலோரி.  இந்த ஊரில் எத்தனை ஹோட்டல், அத்தனையையும் விட்டுவிட்டு இதற்குள்ளா வந்து விழ வேண்டும்? அந்தச் சொல் அவள் வீட்டுக்குள் முதலில் மகளின் போன் வழியாக வந்தது. அப்புறம் ஒரு சின்னத் தராசின் வழியாக வந்தது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அவள் அப்பா ரங்கராஜ் கேட்டபோது, சமையலறையில் வைக்கிற மாதிரி ஒரு தராசு வேண்டும்ப்பா என்றாள் மகள். கேக் செய்யப் போகிறாள் என்று நினைத்து சாந்தாமணி எதிர்வீட்டில்கூடப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தத் தராசில் ஒருநாளும் மாவு ஏறவில்லை. மகளின் தட்டுச் சோறு ஏறியது. ஏறி, பாதி இறங்கியது. பிறகு பாதியில் பாதி. டாக்டரம்மா அதற்கு ஒரு பெயர் சொன்னார். சாந்தாமணி அந்தப் பெயரை இதுவரை வாயால் சொன்னதில்லை. இது பிடிவாதம் இல்லைங்க, நோய், நாள் எடுக்கும், ஆனா குணமாகும் என்று அவர் சொன்னதில் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள். தராசு இப்போது பரண்மேல் ஒரு பழைய துண்டுக்குள் கிடக்கிறது. இங்கே என்னடாவென்றால் பச்சை மையில் அச்சடித்து மேசைக்கு மேசை வைத்திருக்கிறார்கள். எழுந்து போய்விடலாமா? கூட்டம் என்று சொல்ல முடியாது. மின்விசிறி ஓடவில்லை என்றும் சொல்ல முடியாது, தலைக்குமேல் அது நன்றாகச் சுற்றுகிறது. எழுந்து இன்னொரு ஹோட்டல் தேடி நடந்தால் அந்தச் சொல் வழியில் எங்காவது கீழே விழுந்துவிடும். கை கழுவும் இடத்தில் குழாய்ச் சத்தம் நின்றது. சாந்தாமணி கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டுப் பைக்குள் திணித்தாள். கார்டை மூடினாள். டிஷ்யூ பேப்பர் டப்பாவைத் தண்ணீர் ஜாருக்குப் பின்னால் தள்ளினாள். அதுவும் அவளுக்குத் தெரிந்த எதிரிதான். தோசையின்மேல் டிஷ்யூவை ஒற்றி ஒற்றி எண்ணெயை எடுப்பாள் பெண், புண்ணுக்கு மருந்து வைக்கிற மாதிரி அத்தனை கவனமாக.

சாப்பிடும் ஆளை எண்ணக் கூடாது என்பது சாந்தாமணி வளர்ந்த வீட்டின் பழக்கம். இது எத்தனாவது தோசை என்று யாராவது வாய்தவறிக் கேட்டால் அவளுடைய அம்மா முறைப்பாள், எண்ணினால் உடம்பில் ஒட்டாது என்பாள். கேள்வியே வராமல் இருக்கட்டும் என்று, கல்லிலிருந்து எடுக்கும்போதே தோசையை இரண்டாகக் கிழித்து, பாதியை ஒரு தட்டிலும் மீதியை இன்னொரு தட்டிலும் போட்டு எல்லோருடைய கணக்கையும் குழப்பிவிடுவாள். அப்படி எண்ணாமல் தின்று வளர்ந்த சாந்தாமணிதான் இப்போது எண்ணுகிறாள். மேசைக்குக் கீழே, இடது கையில், கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு. மகள் ஒரு வாய் எடுத்து வைத்தால் சுண்டுவிரலின் அடிக்கணு. அடுத்த வாய்க்கு நடுக்கணு. எத்தனை வாய் சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா கேட்டதே இல்லை. கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்க, வேற ஏதாவது பேசுங்க என்றுதான் சொல்லியிருக்கிறார். சாந்தாமணியும் வேறு ஏதாவது பேசுவாள். பேச்சு மேலே நடக்கும். கட்டைவிரல் கீழே நடக்கும்.

தன்ஷிகா வந்து எதிரே உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் வந்தார். “தம்பி, கார்டு வேண்டாம். என்னென்ன இருக்குதுன்னு வாயிலயே சொல்லிடுங்க. நான் கண்ணாடி கொண்டாரல.” அவர் சிரித்தார். வடக்கேயிருந்து வந்து சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. “மெனு, அக்கா” என்று கார்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை அவர் பக்கம் நகர்த்தினாள். “சொல்லுங்க தம்பி. தோசை, ஊத்தப்பம், அப்புறம்?” “ஆமா அக்கா. தோசை, ஊத்தப்பம்” என்று அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு, உதவி செய்த திருப்தியோடு நின்றார். கார்டு அப்படியும் இப்படியும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த தன்ஷிகா கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டாள். “குடும்மா. நான் படிக்கிறேன்.” முடிந்தது. நெருப்பை மறைக்கப் போய் அதைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தாயிற்று. தன்ஷிகா பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தாள். “இட்லி. சாம்பார் வடை. தயிர் வடை. இடியாப்பம்.” பெயர்களை மட்டும்தான் வாசிக்கிறாள். சாந்தாமணி மகளின் கண்களையே பார்த்தாள். பெயர்கள் இருப்பது ஒரு பக்கம், எண்கள் இருப்பது மறு ஓரம். கண் ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்கு நேராக இறங்குகிறதா, அல்லது நடுவில் அந்த ஓரத்துக்கு ஓடிப்போய்த் திரும்புகிறதா? தெரியவில்லை. இமைகள் தாழ்ந்திருந்தன. எத்தனை நீளமான இமை, கைக்குழந்தையாக இருந்தபோதே எல்லோரும் சொன்னார்கள். “ரவா தோசை. அடை. பூரி கிழங்கு.” பூரி என்றபோது குரல் ஒரு நொடி அங்கே நின்றதா, நின்றதுபோல இருந்ததே, பூரி இவளுக்கு உயிராயிற்றே ஒரு காலத்தில் என்று நெஞ்சு துள்ளியது. துள்ளிய நெஞ்சு வாயைக் கவனிக்கவில்லை. “எவ்வளவு?” என்று கேட்டுவிட்டாள்.

எந்த ஹோட்டலில் எந்தப் பலகாரத்தின் பெயரைக் கேட்டாலும் அவள் வாயில் அடுத்து வருகிற சொல் அது. கல்யாணமான புதிதில் ரங்கராஜ் முதன்முதலாக வெளியே கூட்டிக்கொண்டு போனபோதும் அதைத்தான் கேட்டாள், இன்றுவரை அவர் சொல்லிச் சிரிப்பார். காலுக்கு வீட்டு வழி தெரிகிற மாதிரி அவள் வாய்க்கு அந்தச் சொல் தெரியும். எவ்வளவு என்று கேட்டால் கண் விலைக்குப் போகும். விலைக்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது? தன்ஷிகா நிமிர்ந்தாள். “எது எவ்வளவு?” கார்டின் ஓரத்தில் விரலை வைத்தாள். “ரெண்டு நம்பர் இருக்குதும்மா. உனக்கு எது வேணும்?” “விலைதான் கண்ணு. விலையைத்தான் கேட்டேன்.” “உன் கண்ணாடிக் கூடு பையிலிருந்து எட்டிப் பாத்துட்டு இருக்குது.” சாந்தாமணி குனிந்து பார்த்தாள். பழுப்பு நிறக் கூடு பாதி வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஒளிந்து விளையாடுகையில் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு காலை மறைக்க மறந்த பிள்ளை மாதிரி. “வாசல்லயே போர்டு வெச்சிருக்காங்க, கலோரி போட்டிருக்கோம்னு. நீ இழுத்துட்டு வந்த வேகத்துல அது மேலயே முட்டியிருப்பே.” மகளின் குரலில் கோபம் இல்லை. அப்படியென்றால் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பார்த்துவிட்டும் வந்தாள். சாந்தாமணி இந்த மூன்று வாக்கியங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் வைத்துப் பார்த்தாள்; மூன்றாவதில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. “மறைச்சு வெச்சு என்னம்மா ஆகப்போகுது? பாக்காமயே தெரியும் எனக்கு. வாய்ப்பாடு மாதிரி. மறக்கறதுக்குத்தான் நாளாகும்.”

அடுத்த மேசையில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் கார்டைக் கைக்கு எட்டிய தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “ஏம்புள்ள, இதென்ன அநியாயம்! ஒரு நெய் ரோஸ்ட்டு இந்த விலையா? தங்கத்துலயா சுட்டுக் குடுக்கறான்?” என்றார். “அது விலை இல்லீங்க, கலோரி. கத்தாதீங்க.” “அது எதுக்கு எனக்கு?” “உங்களுக்குத்தான் அதே. நெஞ்சைப் பொளந்து தைச்சாங்களே, அதுக்குள்ள மறந்துபோச்சா? கம்மியா இருக்கறதாப் பாத்துச் சொல்லுங்க.” “அப்ப இட்லிதானா?” “இட்லிதான்.” “வடை?” “வடையைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது.” பெரியவர் பெருமூச்சு விட்டுவிட்டு விரலை வைத்துப் பச்சை எண்களின் மேலிருந்து கீழே வந்தார், ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. ஓரிடத்தில் விரல் நின்றது. “அட, இடியாப்பம் பரவாயில்லியே! அது தின்னலாமல்ல?” மனைவி எட்டிப் பார்த்துத் தலையசைத்ததும் அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் தேறிய பையன் மாதிரி. இத்தனை நேரமும் சாந்தாமணி மனசுக்குள் முதலாளியைக் கூப்பிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை கார்டையும் கிழித்துப் போடுங்க, சாப்பிட வந்த இடத்தில் எதற்கு இந்தக் கணக்கு, யார் கேட்டது என்று. யார் கேட்டது? இதோ இவர் கேட்டார். ரங்கராஜுக்கும் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அவர் கையில் இந்தக் கார்டைக் கொடுத்தால் அதுவும் நல்லதுதான். பெரியவர் பிடித்துக்கொண்டு ஏறுகிற அதே கைப்பிடியில்தான் இவள் பெண்ணின் துப்பட்டா மாட்டிக்கொள்கிறது. போட வேண்டுமா, வேண்டாமா என்று யாராவது இப்போது வந்து ஒரே சொல்லில் பதில் கேட்டால் அவளிடம் பதில் இல்லை. திரும்பி மகளைப் பார்த்தாள்.  தன்ஷிகாவின் கண்கள் இப்போது அந்த ஓரத்தில்தான் இருந்தன. உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. கூட்டுகிறாள். அந்த அசைவை சாந்தாமணி நன்றாக அறிவாள். காலையில் தின்றதோடு இதைக் கூட்டி, அதிலிருந்து எதையோ கழித்து, கடைசியில் ஒரு காபி போதும்மா என்று வந்து நிற்கும் கணக்கு. சர்க்கரை இல்லாத காபி. எத்தனை தடவை பார்த்தாயிற்று. பிடுங்கிவிடலாமா கார்டை? பிடுங்கினால் அழுவாள். பிடுங்காவிட்டால் காபிதான். சாந்தாமணியின் கட்டைவிரல் மேசைக்குக் கீழே, எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல், சுண்டுவிரலின் அடிக்கணுவை அழுத்திக்கொண்டு நின்றது.

தன்ஷிகா கார்டை மூடினாள். மூடி, மேசையில் குப்புறப் போட்டாள். “அண்ணா!” பரிமாறுகிறவரை அல்ல, கல்லாப் பக்கம் காதில் பேனாவோடு நின்றிருந்த சூப்பர்வைசரை. அவர் வந்தார். “சொல்லுங்க அம்மிணி.” “நம்பர் இல்லாத கார்டு இருக்குங்களா?” “எந்த நம்பருங்க?” “விலைக்குப் பக்கத்துல பச்சைல இருக்குதே, அது.” சாந்தாமணி அடுத்த மேசையை ஓரக்கண்ணால் பார்த்தாள். எதுக்கும்மா என்று அவர் கேட்கப் போகிறார். அடுத்த மேசை திரும்பப் போகிறது. இவள் உடம்பை மேலும் கீழும் ஒரு பார்வை பார்க்கப் போகிறார்கள். அவர் எதுக்கு என்று கேட்கவில்லை. தலையைச் சொறிந்தார். “போன மாசம் வரைக்கும் வெச்சிருந்த கார்டு கல்லாவுக்கு அடியில கிடக்குதுங்க. ஆனா ஒண்ணு, அதுல விலையெல்லாம் பழசு. அதைக் காட்டி எங்கூட சண்டைக்கு வரக் கூடாது.” “நான் வர மாட்டேண்ணா. எங்கம்மா வருவாங்க.” அவர் சிரித்துக்கொண்டே போய்க் கொண்டுவந்தார். மூலை பிரிந்து, ஒரு பக்கம் சட்னிக் கறையோடு இருந்தது அந்தக் கார்டு. “இதையும் வெளியவே வெச்சிருங்கண்ணா. அந்தத் தாத்தாவுக்கு அது வேணும். எனக்கு இது வேணும்.” “வெச்சுட்டாப் போச்சு. முதலாளிகிட்டச் சொல்றேன்” என்றார் அவர், தண்ணீர் கேட்டவருக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாக. சாந்தாமணிக்கு அந்தச் சாதாரணம் பிடித்திருந்தது. இரண்டு மழைக்காலமாக இந்த நோயைப் பற்றி வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, டி.வி.யைப் பெரிதாக வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். தனக்கு எது வேண்டாம் என்று இவளே ஒரு வெளியாளிடம் இப்படி வாய்விட்டுச் சொல்வாள் என்று யார் நினைத்தார்கள்? “பூரி” என்றாள் தன்ஷிகா. கொஞ்சம் நிறுத்தி, கார்டைப் பார்க்காமல், இன்னொரு தடவை, “பூரிதான்” என்றாள். சாந்தாமணி தனக்கு ஒரு தோசை சொன்னாள். எவ்வளவு என்று கேட்கவில்லை.

காத்திருக்கும் நேரம் பொல்லாதது. சொன்னவள் மனம் மாறலாம். சமையலறையில் எண்ணெய் சீறும் சத்தம் கேட்டு மாறலாம். தன்ஷிகா கார்டின் பிரிந்த மூலையை நகத்தால் ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள்.  பூரி வந்தது. இரண்டு. பந்துபோல உப்பி, மேல்தோல் மெல்லிசாக, பொன்னிறமாக, தட்டில் நிற்க இடமில்லாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. இவள் சின்னவளாக இருந்தபோது அப்பாவும் மகளும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள்; பூரியை முதலில் யார் குத்துவது, யாருடையதிலிருந்து ஆவி அதிக நேரம் வருவது. தன்ஷிகா அந்தப் பூரிகளை வெகுநேரம் பார்த்தாள். “அம்மா, உள்ள இருக்கற காத்துக்கும் சேத்துத்தான் அந்த நம்பரைப் போட்டிருப்பாங்களா?” சாந்தாமணிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. அந்த எண்ணைப் பற்றி அவர்கள் இருவரும் அழுதிருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள், பேசாமல் இருந்திருக்கிறார்கள். கேலி செய்தது இதுதான் முதல் தடவை. தன்ஷிகா ஆள்காட்டி விரலால் ஒரு குத்து. ஆவி புஸ்ஸென்று வந்து அவள் கண்ணிமையைத் தொட்டது. கிழித்தாள், கிழங்கைத் தொட்டாள், வாயில் வைத்தாள். சுண்டுவிரல், அடிக்கணு. மென்றாள். விழுங்கினாள், தொண்டை அசைந்ததைப் பார்த்தாள் சாந்தாமணி. நடுக்கணு. மேல்கணு. மோதிரவிரல். அப்புறம் அந்தக் கை பூரியை விட்டுவிட்டு, தட்டைத் தாண்டி, தண்ணீர் ஜாரைத் தாண்டி, அதற்குப் பின்னால் போயிற்று. டிஷ்யூ. வேண்டாம் கண்ணு, வேண்டாம். ஒற்றி எடுக்கப் போகிறாள். இத்தனை தூரம் வந்துவிட்டு. தன்ஷிகா ஒரு தாளை உருவி, பழைய கார்டின்மேல் சிந்தியிருந்த கிழங்கைத் துடைத்தாள். “திருப்பிக் குடுக்கணுமில்ல” என்றாள். துடைத்த தாளைக் கசக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, அடுத்த வாய். எந்தக் கணு? மோதிரவிரலில் அடியா, நடுவா? பயத்தில் நழுவிவிட்டது. சரி, அடி என்றே வைத்துக்கொள்வோம்.

“அம்மா, கையை மேல வை.” “என்ன கண்ணு?” “இடது கை. கீழ என்ன எண்ணிட்டு இருக்கே?” “நானா? ஒண்ணுமில்லையே.” தன்ஷிகா மென்றபடியே அம்மாவைப் பார்த்தாள். “எனக்கு நம்பர் இல்லாத கார்டு கிடைச்சிருச்சு. உனக்கு?”  எவ்வளவு நாளாகத் தெரியும் இவளுக்கு? எல்லா நாளும் தெரிந்திருக்கும். இவளுடைய ஒவ்வொரு வாயையும் அங்கே ஒரு விரல் தொட்டுக்கொண்டிருந்தது தெரிந்தேதான் விழுங்கியிருப்பாள். கையை மெல்ல எடுத்து மேசைமேல் வைத்தாள். வெறும் கை. மடித்து மடித்து விரல்கள் சிவந்திருந்தன. எதிரே அவளுடைய தோசை ஆறிப்போய் ஓரம் விறைத்துக் கிடந்தது. தன்ஷிகா இரண்டாவது பூரியை எடுத்து இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை அம்மாவின் தட்டில் வைத்தாள். இது என்ன, கொடுத்து ஒழிக்கப் பார்க்கிறாளா? அந்தத் தந்திரமும் சாந்தாமணிக்குத் தெரியும். வீட்டில் தன் தம்பிக்கு என்றும், பூனைக்கு என்றும், தட்டிலிருந்து எத்தனை போயிருக்கிறது. தடுக்க வாயெடுப்பதற்குள் மகளின் கை மறுபடி நீண்டு வந்தது. ஆறிய தோசையைப் பாதிக்குக் கிழித்து, சட்னி ஒட்டியிருந்த பக்கமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிற்று. பரிமாறுகிறவர் வாளியோடு வந்து, யாரும் கேட்காமலே இரண்டு தட்டிலும் சாம்பார் ஊற்றினார். இப்போது எது யாருடையது? பூரியில் பாதி இங்கே, தோசையில் பாதி அங்கே. கட்டைவிரல் பழைய வழக்கத்தில் ஒருமுறை அசைந்து, போய் நிற்க ஒரு கணுவைத் தேடியது. கிடைக்கவில்லை. அதைத் தேட விட்டுவிட்டு சாந்தாமணி வலது கையால் அந்தப் பாதிப் பூரியைப் பிய்த்து வாயில் போட்டாள். அவளுக்கும் நல்ல பசி.